காற்று திரும்பிய நேரம்

"மழை வந்தா கை மூடிக்குது, டீச்சர்" என்றான் காளத்தி.

ஜெபமணி நிமிரவில்லை. சக்கரத்துக்கும் டயருக்கும் நடுவே நெம்பியைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கை?"

"வலது. ஆக்சிலேட்டர் கை. முறுக்கணும்னு நெனைக்கிறேன். அது பாட்டுக்கு அணைச்சிடுது."

"பயமா?"

"பயம்னா எனக்குத் தெரியாதா? பதினாறு வருஷமா ரேஸ் ஓட்டறேன். இது பயம் இல்ல."

"அப்ப என்ன?"

"அதைக் கேக்கத்தான் வந்தேன்."

அவள் நெம்பியை அழுத்தினாள். டயர் ஒரு முனகலோடு வெளியே வந்தது.

பந்தயத் தடத்தின் கடைசிக் கொட்டகை அவளுடையது. பன்னிரண்டு அணிகளுக்கும் டயர் மாட்டுகிற ஆள் அவள் ஒருத்திதான். காளத்தியைவிட ஐந்து வயது சின்னவள். மூன்று வருடம் பைக் பந்தயம் ஓட்டியவள், ஒருநாள் காரணம் எதுவும் சொல்லாமல் வண்டியை விட்டு இறங்கி இந்தக் கொட்டகையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். கேள்வியோடு வருகிறவர்களுக்கு அவள் பதில் கொடுப்பதில்லை. ஏதாவது ஒரு வேலை கொடுத்து அனுப்புவாள். அதனால் டீச்சர். கேலிக்கு வைத்த பெயர்தான். நாளடைவில் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

அவளுக்கு ஒரு விதி உண்டு. ஒரு அணி என்ன டயர் மாட்டியது என்பதை இன்னொரு அணியிடம் சொல்லமாட்டாள். செத்தாலும் சொல்லமாட்டாள்.

அது பெரிய விஷயம். காய்ந்த தடத்துக்கு ஸ்லிக், கோடே இல்லாத மொழுமொழு டயர். ஈரத்துக்கு வெட், தண்ணீரை வாரித் தள்ளப் பள்ளம் வெட்டிய மெத்தென்ற டயர். ஈரத்தில் ஸ்லிக் நிற்காது. காய்ந்த தரையில் வெட் பத்துச் சுற்றில் பிய்ந்து தொங்கும். வானம் இரண்டுங்கெட்டானாக இருக்கிற நாளில் யார் எதைப் போடுகிறார்கள் என்று ஒவ்வொருவரும் அடுத்தவன் வாசலை எட்டிப் பார்ப்பார்கள்.

"இந்த வருஷம் மழையில ரெண்டு ரேஸ். ரெண்டுலயும் கடைசி" என்றான் காளத்தி. "நாளைக்கும் மழைதானாம். நாளைக்கும் பின்னால வந்தா வண்டியை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்னு ஓனர் சொல்லிட்டார். முப்பத்தொம்பது வயசுல என்னை எவன் கூப்பிடுவான்?"

வாசலில் போன மெக்கானிக் ஒருவன் தலையை நீட்டினான்.

"என்னா காளத்தி, டியூஷனா? நாளைக்கு வண்டியில குடை மாட்டித் தரட்டா?"

"போடா டேய்."

"கறுப்பா, பூப்போட்டதா? அதையாவது சொல்லு."

அவன் சிரித்துக்கொண்டே போனான். ஜெபமணி சிரிக்கவில்லை.

"எல்லா வளைவுலயுமா கை மூடுது?"

"இல்ல. அஞ்சாவதுல."

"அங்க மட்டுமா?"

"அங்க மட்டும்."

"பூட்ஸைக் கழட்டுங்கண்ணே."

"எதுக்கு?"

"பிராக்டீஸ் முடிஞ்சிடுச்சு. தடம் காலியா இருக்கு. அஞ்சாவது வரைக்கும் வெறுங்கால்ல நடந்துட்டு வாங்க."

"வெளிய தூறுது, டீச்சர்."

"அதுக்குத்தான்."

*

நடந்தான்.

நாளும் வண்டிகள் போய்ப் போய் ரப்பர் ஏறிக் கறுத்த பாதை, ஈரத்தில் எண்ணெய் பூசிய கடப்பைக் கல்லாக இருந்தது. கால் வழுக்கியது. இரண்டு அடி தள்ளி, யாரும் போகாத இடத்தில், சொரசொரப்பு உள்ளங்காலைப் பிடித்தது.

இது அவனுக்குத் தெரிந்ததுதான். மழையில் பழகிய பாதையை விட்டு ஒதுங்கி ஓட்ட வேண்டும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பான். காலுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐந்தாவது வளைவில் கட்டை விரல் எதிலோ இடறியது.

கீறல்.

குனிந்து பார்த்தான். தாரில் இரும்பு உழுத கோடு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கோடுகளில் மழைநீர் நூலாகத் தேங்கியிருந்தது. இரண்டும் சாய்ந்து சாய்ந்து போய்த் தடத்தின் விளிம்பில் முடிந்தன. அதற்கப்பால் மண்.

வண்டியில் இருந்தபடி இதை அவன் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. பார்க்காமல்தான் பத்து மாதமாக இதைத் தாண்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்தபோது ஜெபமணி அடுத்த டயரில் இருந்தாள்.

"என்ன இருந்துச்சு?"

"வழுக்கல்."

"அப்புறம்?"

"கீறல்."

"யாரோடது?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"நீங்க சொல்லுங்க."

"திவாகரோடது."

"அன்னைக்கு அந்த வளைவுல நீங்க எப்படிப் போனீங்க?"

"வெட்ல போனேன். பிடிச்சுது. போனேன்."

"எப்ப மாட்டினது?"

காளத்தி கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். சேறு.

"நீங்கதானே டீச்சர் மாட்டினீங்க."

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு."

தகரக் கூரையில் மழை வலுத்தது.

*

போன ஐப்பசி. வருடத்தின் கடைசிப் பந்தயம், பன்னிரண்டு மணிக்கு. காலையில் பெய்து ஓய்ந்திருந்தது. தடம் பாதி காய்ந்து, கிழக்கே வானம் கறுத்துக் கிடந்தது.

பதினொரு மணிக்கு, அணிக் கொட்டகையின் திரைக்குப் பின்னால், காளத்தியின் வண்டியில் வெட் ஏறியது. அதே நேரம் அவனுடைய இன்னொரு ஜோடிச் சக்கரம் வாசலுக்கு வந்தது. ஸ்லிக். டயரைச் சூடாக வைக்கச் சுற்றுகிற கம்பளியை அதன் மேல் அரைகுறையாகச் சுற்றி, மொழுமொழுத் தோள் வெளியே தெரிகிற மாதிரி ஸ்டாண்டில் நிறுத்தினான். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

பார்த்தார்கள்.

வெட் டயருக்கு அந்தக் கம்பளி அவ்வளவாகத் தேவையில்லை. ஆனாலும் வண்டிக்கும் சுற்றினான். புறப்படுகிற கோட்டில் கடைசி மூன்று நிமிடம் வரை, இனி யாரும் டயர் மாற்ற முடியாது என்கிற வரை, பிரிக்கவில்லை. பிரித்தபோது, பக்கத்தில் நின்ற திவாகர் பள்ளம் வெட்டிய டயரைக் குனிந்து பார்த்தான். பிறகு காளத்தியைப் பார்த்தான்.

ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும் தெரிந்தது. கோபம் இல்லை. புரிந்துகொண்ட கண்.

திவாகர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டான்.

நாலாவது சுற்றில் மழை கொட்டியது. ஐந்தாவது வளைவில் திவாகரின் பின்சக்கரம் விட்டது. அவனுக்கு வெளிப்பக்கமாகக் காளத்தி போய்க்கொண்டிருந்தான். பின்னால் வந்த வண்டிக்கு ஒதுங்க இடமில்லை.

திவாகருக்கு இருபத்தாறு வயது.

திவாகரின் மெக்கானிக், அவனுடைய அப்பாதான். ஏகாம்பரம். எல்லோருக்கும் மேஸ்திரி. டயர் முடிவு அவருடையது. எழவு வீட்டில் அவர் காளத்தியின் வலது கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை.

"கடைசி நேரத்துல மாத்தினியாமே தம்பி. எல்லாரும் சொல்றாங்க. எதைப் பாத்து மாத்தின? எனக்குப் படாதது உனக்கு என்ன பட்டுது?"

என்ன சொல்வது. பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"காத்து திரும்புச்சு, மேஸ்திரி" என்றான்.

அவர் தலையை ஆட்டினார். கையை விட்டார்.

அதிலிருந்து மழை மேகம் கூடினால் போதும், பெரம்பூரிலிருந்து பஸ் ஏறித் தடத்துக்கு வந்துவிடுகிறார். பந்தயம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. வேலிக் கம்பியில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மடியில் ஒரு நோட்டு.

பிள்ளை போன துக்கம், புத்தி பிசகிவிட்டது என்றார்கள்.

அவர் எதைத் தேடுகிறார் என்று காளத்திக்கு மட்டும் தெரியும். தெரியாது என்று வைத்துக்கொண்டிருந்தான்.

*

"எல்லாரும் செய்யறதுதான், டீச்சர். எனக்கும் செஞ்சிருக்காங்க. இது ரேஸ்."

"ஆமாண்ணே. ரேஸ்தான்."

"அப்புறம் என்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லலைன்னாலும் அப்படிப் பாக்கறீங்க." அவன் குரல் ஏறியது. "நீங்களும்தான் இருந்தீங்க. எனக்கு வெட் மாட்டின கை உங்களோடது. வாசல்ல நான் வச்சிருந்த ஸ்லிக்கைப் பாத்த கண்ணும் உங்களோடது. அப்புறம் மேஸ்திரி சக்கரத்தைத் தூக்கிட்டு வந்து ஸ்லிக்னு நின்னார் இல்ல? அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

ஜெபமணி நெம்பியைக் கீழே வைத்தாள்.

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"விதின்னு நெனச்சேன்."

கையை அழுக்குத் துணியில் துடைத்துக்கொண்டாள்.

"பத்து மாசமா மழை நாள்ல அவருக்கு டீ கொண்டுபோய்க் குடுக்கறேன்" என்றாள். "நல்லா இருக்கியாம்மான்னு கேப்பார். இருக்கேன்னு சொல்லிட்டு வந்துடுவேன்."

"அப்ப உங்ககிட்ட இதுக்கு மருந்து இல்ல."

"இருந்தா மொதல்ல நான் சாப்பிட்டிருக்க மாட்டேனா?"

அவள் நெம்பியை எடுத்துக்கொண்டாள்.

"இந்தத் தடத்துல மழையைப் படிக்கிறவர் ஒருத்தர்தான் இருக்கார். அவர்கிட்டப் போய்க் கேளுங்க."

"அவர்கிட்டயா? என்னால ஆகாது."

"சரி" என்றாள்.

*

மறுநாள் பகல் ஒன்றரை. இரண்டு மணிக்குப் பந்தயம். விட்டுவிட்டுத் தூறியது. மேற்கே கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது.

காளத்தியின் வண்டியில் வெட் இருந்தது. மேலே கம்பளி. வாசலில், ஸ்டாண்டில், ஸ்லிக். பையன்கள் வழக்கம்போலக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். எடு என்ற சொல் அவனுக்கு வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

தோல் உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தவன், தடத்துக்குப் போகிற பக்கம் திரும்பாமல் வேலிப் பக்கம் நடந்தான்.

"மேஸ்திரி."

"அட, வா தம்பி." ஏகாம்பரம் பக்கத்தில் கிடந்த காலி ஆயில் டின்னை இழுத்துப் போட்டார். "உக்காரு. உன்னைத்தான் கேக்கணும்னு இருந்தேன். ரேஸ் நேரத்துல தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டேன்."

காளத்தி உட்காரவில்லை.

அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"முப்பத்தோரு மழை எழுதியிருக்கேன். காத்து எந்தப் பக்கம், மழை எத்தனை மணிக்கு, எல்லாம். சில நாள் காத்து திரும்புது, மழை இல்ல. சில நாள் மழை கொட்டுது, ரிப்பன் ஆடவே இல்ல. நீ சொன்ன மாதிரி ஒருதரம்கூட வர மாட்டேங்குது. எனக்குப் பாக்கத் தெரியலியா என்னன்னு புரியல."

"மேஸ்திரி..."

"அன்னைக்கு எப்படித் திரும்புச்சு? கிழக்கேயிருந்து வடக்கயா? கொஞ்சம் கையால காட்டேன். ஒருதரம் காட்டினா பிடிச்சுக்குவேன்."

காளத்தியின் வலது கை மூடிக்கொண்டது. கீழே வண்டி இல்லை. எதிரே வளைவு இல்லை. மூடிக்கொண்டது.

"திரும்பல" என்றான்.

"என்னது?"

"காத்து திரும்பல, மேஸ்திரி. அது நான் சொன்ன பொய். கடைசி நேரத்துல மாத்தவும் இல்ல. பதினொரு மணிக்கே வெட் மாட்டிட்டேன். வாசல்ல நின்ன ஸ்லிக் சும்மா."

"சும்மான்னா?"

"பாக்கறவங்களுக்காக."

"நான்தான் பாத்தேன்" என்றார் ஏகாம்பரம்.

"தெரியும்."

ஒலிபெருக்கியில் ஓட்டுநர்களைக் கூப்பிட்டார்கள். ஒருமுறை. மறுமுறை. காளத்தியின் பெயரையும் சொன்னார்கள்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்தான். அடிப்பார் என்றுகூட நினைத்திருந்தான். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் நோட்டைப் பின்னுக்குப் பின்னுக்குப் புரட்டிக்கொண்டிருந்தார். முதல் பக்கம் வந்ததும் அவன் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.

போன ஐப்பசித் தேதி. கீழே பென்சில் எழுத்து.

"10.40. கிழக்கே கறுப்பு. வெட்."

அதன் குறுக்கே ஒரு கோடு. நேராக, அளவுகோல் வைத்து அடித்த மாதிரி. அதற்குக் கீழே:

"11.20. காளத்தி ஸ்லிக். நாமும் ஸ்லிக்."

"வேணாம் நைனான்னான் திவாகர்" என்றார். "உன் கண்ணுக்கு என்ன தெரியுதோ அதைப் போடுன்னான். நான்தான், போடா, பதினஞ்சு வருஷம் ஓட்டறவன், காளத்திக்குத் தெரியாததா உனக்கும் எனக்கும் தெரிஞ்சிடப் போவுதுன்னேன்."

நோட்டின் மேல் ஒரு துளி விழுந்தது. துடைக்கவில்லை.

பின்னால் யாரோ நின்றார்கள். ஜெபமணி. கையில் டீ கிளாஸ்.

ஏகாம்பரம் அவளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா, அம்மா?"

"தெரியும், மேஸ்திரி."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

அவர் தலையை ஆட்டினார். எழவு வீட்டில் ஆட்டியதுபோலவே.

டீயை வாங்கவில்லை. அவள் நீட்டிய கையை மடக்கவும் இல்லை. கிளாஸுக்குள் மழை விழுந்துகொண்டிருந்தது.

வேலியில் ரிப்பன் ஆடாமல் நனைந்து தொங்கியது.

"இன்னைக்கு என்ன டயர் போட்டிருக்க?" என்றார்.

"வெட்."

"வெட்டா?"

"சத்தியமா வெட்தான், மேஸ்திரி."

அவர் எழுந்தார். நோட்டை நாற்காலியிலேயே விட்டுவிட்டு மழையில் நடந்தார். காளத்தியின் வாசலில் நின்ற ஸ்லிக்கைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டினார். திரையை விலக்கி உள்ளே போனார். புதிதாகச் சேர்ந்த மெக்கானிக் ஒருவன், "யாரு பெருசு, இங்கெல்லாம் வரக்கூடாது" என்றான்.

பின்னாலேயே போன காளத்தி, திரை ஓரத்தில் நின்றுவிட்டான்.

ஏகாம்பரம் வண்டியின் பின்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். கம்பளியின் ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார்.

விரல் ஒரு பள்ளத்தைத் தடவியது. அடுத்த பள்ளத்தை. அதற்கடுத்ததை.

கடைசி அழைப்பு வந்தது.

அவர் கையை எடுக்கவில்லை.